தலைக்காயத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தாச்சு, இனி என்ன செய்வது? குடும்பத்தினருக்கான வழிகாட்டி

"உயிருக்கு ஆபத்தில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லி டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றி உட்காரவைத்துச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. என் தம்பிக்கு பைக் விபத்தில் தலையில் பலத்த அடி. ஐசியூவில் அவன் இருந்த நாட்களைவிட, வீட்டுக்கு வந்த பிறகு எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தோடு போவது, எந்த டாக்டரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் திணறிய காலம்தான் நீண்டது. அந்தத் திணறல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

தொடங்கும் முன் ஒன்று. கை ஒடிந்தால் கட்டு தெரியும். தலைக்காயத்தில் மறதி, கோபம், களைப்பு எதுவும் வெளியே தெரியாது. டாக்டரும், மாற்றுத்திறனாளி அலுவலகமும், நீதிமன்றமும் எழுத்தில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். இன்றே ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். தேதி போட்டு, தூங்கிய நேரம், சாப்பிட்டது, மறந்தது, கோபப்பட்டது, வலிப்பு, தானாகச் செய்த வேலை, யார் உதவியோடு செய்த வேலை என்று தினமும் நாலு வரி எழுதுங்கள். கீழே வரும் பல படிகளில் இந்த நோட்டு தேவைப்படும்.

1. டிஸ்சார்ஜ் நாளில் கையில் வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி ஸ்கேன் மற்றும் எம்ஆர்ஐ படங்கள் (சிடி தட்டாகவும் ஃபிலிமாகவும்), ஆபரேஷன் குறிப்பு, எல்லா ஒரிஜினல் பில்கள், மாத்திரைச் சீட்டு. விபத்து என்றால் ஏஆர் காப்பி, அதாவது ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர் பதிவின் நகல். முதலில் கொண்டுபோன மருத்துவமனை வேறு என்றால் அங்கேயும் போய் வாங்குங்கள்.

சம்மரியை அங்கேயே நின்று படியுங்கள். ஜிசிஎஸ் என்று ஒரு எண் இருக்க வேண்டும். 3 முதல் 15 வரையிலான நினைவு நிலை அளவு அது. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். சேர்க்கும்போது என்ன, வெளியே வரும்போது என்ன என்று இரண்டும் எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். மூளையின் எந்தப் பகுதியில் காயம் என்பதும் இருக்கட்டும். முன்பக்கம் என்றால் பின்னால் வரும் குணமாற்றத்தை விளக்க அந்த ஒரு வரி உதவும்.

பெயர் விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சாலையில் மயங்கிக் கிடந்தவரை யாரோ கொண்டுவந்து சேர்த்திருந்தால், 'பெயர் தெரியாதவர்' என்று பதிவாகியிருக்கும். வயதும் உத்தேசமாக இருக்கும். பெயர், இனிஷியல், வயது மூன்றும் ஆதாரில் உள்ளபடி திருத்தி, முத்திரையோடு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அதேபோல ஏஆரில் 'தானாக விழுந்தார்' என்று யாரோ சொன்னதை எழுதியிருப்பார்கள். வண்டி மோதியது உண்மை என்றால் அதைக் காவல் நிலையத்தில் உடனே சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிப் பிடிப்பது இந்த ஒரு வரியைத்தான்.

எல்லாவற்றையும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுங்கள், போனிலும் ஸ்கேன் செய்து வையுங்கள். ஒரிஜினலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

2. வீட்டில் முதல் வாரங்கள்

படுக்கையில் இருப்பவர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். படுக்கைப்புண் வந்துவிட்டால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். காற்று மாறிமாறி நிரம்பும் ஏர் பெட் வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது. கட்டில், வீல்சேர், சளி உறிஞ்சும் மெஷின் எல்லாம் பெரிய ஊர்களில் மாத வாடகைக்குக் கிடைக்கும். முதலில் வாடகைக்கு எடுங்கள். இரண்டே மாதத்தில் தேவையே மாறிவிடலாம்.

மூக்கு வழி ட்யூபில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்து அரைமணி நேரம் வரை அப்படியே. "ஒரு வாய் காபிதானே" என்று பாசத்தில் வாயில் ஊற்றும் உறவினர்களைத் தடுங்கள். விழுங்கும் திறன் திரும்பிவிட்டதா என்று பேச்சுப் பயிற்சியாளரோ டாக்டரோ சோதித்துச் சொன்ன பிறகுதான் வாய்வழி. நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

ஒரு பக்கம் செயலிழந்திருந்தால் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். செலவில்லை. தானாக வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

3. வலிப்பும் ஆபத்து அறிகுறிகளும்

வலிப்பு மாத்திரையை "நல்லாத்தானே இருக்கார்" என்று வீட்டிலேயே நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்த்த ஆபத்து. எப்போது குறைப்பது, எப்படி நிறுத்துவது என்பது டாக்டரின் முடிவு. மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள். ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரை ஆரம்பித்த வாரங்களில் உடம்பில் தடிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். லெவெடிராசெட்டம் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரை சிலருக்குக் கடுகடுப்பையும் கோபத்தையும் கூட்டும். அப்படித் தோன்றினால் நோட்டில் எழுதிக் காட்டுங்கள், மாற்று மாத்திரை இருக்கிறது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சட்டையைத் தளர்த்துங்கள், மணி பாருங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

தேறிக்கொண்டே வந்தவர் திடீரென்று பின்னோக்கிப் போனால், அதை 'சோம்பல்' என்று விட்டுவிடாதீர்கள். நடை தடுமாறுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, மந்தமாவது மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். தலைவலியும் வாந்தியும் தூக்கக் கலக்கமும் கூடினால் அன்றே போக வேண்டும். மாதங்கள் கழித்தும் காரணமில்லாத களைப்பு, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது என்று இருந்தால் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி) ஹார்மோன் சோதனை வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள்.

4. மண்டை ஓட்டு எலும்பை எடுத்திருந்தால்

மூளை வீக்கத்துக்காக எலும்பின் ஒரு பகுதியை எடுத்திருப்பார்கள். சிலருக்கு அதை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைப்பார்கள், சில மருத்துவமனைகள் உறைபெட்டியில் வைக்கும். எங்கே இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் திரும்ப வைக்கிறார்கள். அதுவரை எழுந்து நடமாடும்போது தலைக்கவசம் அவசியம், அந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கவும் கூடாது.

இரண்டாவது ஆபரேஷனுக்கு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டா என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆரம்பிக்க வேண்டும். ஆபரேஷன் தேதிக்கு முதல் நாள் ஓடினால் நடக்காது.

5. பிசியோ மட்டும் போதாது

நடந்துவிட்டால் குணமாகிவிட்டது என்றுதான் நம் ஊரில் கணக்கு. தலைக்காயத்தில் பாதிப் பிரச்சினை நடை வந்த பிறகுதான் தெரியவரும். கேட்க வேண்டியவை நான்கு: பிசியோதெரபி, அன்றாட வேலைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, நரம்பு உளவியல் பரிசோதனை. கடைசி ஒன்று மறதி, கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றை அளந்து அறிக்கையாகத் தரும். பெங்களூரு நிமான்ஸில் (மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனை) செய்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் எங்கே உண்டு என்று நரம்பியல் அல்லது மனநல ஓபியில் கேளுங்கள். அந்த அறிக்கை 7, 8ஆம் படிகளில் கைகொடுக்கும்.

மறுவாழ்வுக்கென்றே உள்ள இடங்களில் சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை, வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் மூன்றையும் விசாரியுங்கள். பல மாவட்டங்களில் அரசின் 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையங்களும் வந்திருக்கின்றன. பெரிய மருத்துவமனைகளில் ஓபி பார்ப்பது ஒரு நாள், படுக்கை கிடைப்பது வேறொரு நாள். அதனால் டிஸ்சார்ஜ் ஆன வாரமே பெயர் பதிந்துவிடுங்கள். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன் பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. இரண்டு வருடம் கழித்தும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள். "ஆறு மாசத்துல வந்ததுதான் வரும்" என்று யாராவது சொன்னால் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

6. 'ஆள் மாறிட்டான்' என்று எல்லோரும் சொல்லும் கட்டம்

இதுதான் வீட்டை அதிகம் உலுக்கும். அமைதியானவர் கெட்ட வார்த்தை பேசுவார். சுறுசுறுப்பானவர் சொன்னால்தான் எழுவார். கேட்டதையே பத்து முறை கேட்பார். தனக்கு ஒன்றுமே இல்லை என்று சாதிப்பார். இதில் எதுவும் திமிரோ நடிப்போ இல்லை. தன் குறையைத் தானே உணர முடியாததும் காயத்தின் பகுதிதான். இதைப் பெற்றோருக்கும் மனைவிக்கும் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நாம் சொன்னால் ஏறாது.

எங்களுக்கு உதவியவை இவை. ஒரே நேரத்தில் ஒரு வேலை, ஒரு குரல்: டிவி ஓடும்போது பேசுவதில்லை. எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, மாத்திரை, நடை எல்லாம் தினமும் அதே நேரத்தில், சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையில் எழுதி. போனில் அலாரம். ஏழு நாள் மாத்திரை டப்பா. மதியம் கட்டாய ஓய்வு, ஏனென்றால் மூளைக் களைப்பு வந்த அரைமணிக்குள் கோபம் வரும். கோபம் வந்தால் விவாதம் இல்லை. ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேச, மற்றவர்கள் அறையை விட்டு வெளியே. அடித்து உடைக்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். அதற்கு மாத்திரை உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பார்க்க வருகிறவர்களை நீங்கள்தான் கட்டுப்படுத்த வேண்டும். ஆறு பேர் ஒன்றாக உள்ளே வந்து, "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பார்கள். தெரியாமல் விழிக்கும்போது அவர் மனம் நொறுங்கும். வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: இரண்டு பேர், பத்து நிமிடம், உள்ளே போனதும் "நான் உங்க சித்தப்பா, மதுரையிலேருந்து வந்திருக்கேன்" என்று தாங்களே சொல்ல வேண்டும். கல்யாண வீடு, திருவிழா மைக் செட், தீபாவளி வெடி எல்லாம் முதல் வருடம் தவிர்க்கலாம். உறவினர் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

வாசனை தெரிகிறதா என்று சோதியுங்கள். தலைக்காயத்தில் முகரும் திறன் போவது சகஜம். அப்படியென்றால் கேஸ் கசிவும் கெட்டுப்போன குழம்பும் அவருக்குத் தெரியாது. தனியாக அடுப்பு வேண்டாம். மது ஒரு சொட்டும் கூடாது, வலிப்புக்கு அது நேர் வழி.

7. விபத்து இழப்பீடு: கெடுவைத் தவறவிடாதீர்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருப்பதால், கடந்துவிட்டிருந்தாலும் வழக்கறிஞரைப் பார்க்காமல் கைவிட்டுவிடாதீர்கள். ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடவும் வேண்டாம். ஊனச் சான்றிதழ் வந்த பிறகு போடலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய பொறி. மனுவை இப்போது போடுங்கள், சான்றிதழ் பிறகு சேரும். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் எல்லையிலும் போடலாம். காயமடைந்தவருக்குச் சுயமாக முடிவெடுக்கும் நிலை இல்லையென்றால் குடும்பத்தில் ஒருவர் அவர் சார்பில் போடலாம்.

தேவையானவை: எஃப்ஐஆர், ஏஆர் காப்பி, காயச் சான்று, மோதிய வண்டியின் ஆர்சி மற்றும் இன்சூரன்ஸ் நகல், ஓட்டுநர் உரிமம், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், சம்பளச் சான்று அல்லது வங்கிக் கணக்கு விவரம், ஆதார். புகார் கொடுத்தவருக்கு எஃப்ஐஆர் நகல் இலவசமாகத் தர வேண்டும்; தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் பார்க்கலாம். பிசியோ, ஆட்டோ, டயப்பர், வீட்டு நர்ஸ் சம்பளம் எல்லாவற்றுக்கும் ரசீது சேர்த்து வையுங்கள். ரசீது தராதவர்களிடம் ஒரு தாளில் தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று: ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கை காலுக்கு 30 சதவீதம் என்று சான்று வந்தாலும், கணக்காளராக இருந்தவருக்குக் கூட்டல் கணக்கே வரவில்லை என்றால் இழப்பு அதைவிட மிக அதிகம். அதை நிரூபிப்பது நரம்பு உளவியல் அறிக்கையும் உங்கள் நோட்டும், உடன் வேலை பார்த்தவரின் சாட்சியமும்தான். இனி ஆகப்போகும் மருத்துவச் செலவு, பார்த்துக்கொள்பவருக்கான செலவு இரண்டையும் மனுவில் கேட்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனை வாசலிலேயே விசிட்டிங் கார்டு நீட்டும் புரோக்கர்கள் வருவார்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டது. வெற்றுத் தாளில் கையெழுத்து போடாதீர்கள். வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். நிலைமை முழுதாகத் தெரிவதற்குள் சமரசத் தொகைக்குச் சம்மதித்துவிடாதீர்கள். முடிந்த வழக்கைத் திரும்பத் திறப்பது மிகக் கடினம்.

தானாகவே விழுந்த விபத்தா? அப்போதும் சொந்த வண்டியின் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளரே ஓட்டியிருந்து, உரிமமும் செல்லுபடியாகி இருந்து, தனிநபர் விபத்துக் காப்பு எடுத்திருந்தால் நிரந்தர முழு ஊனத்துக்கு 15 லட்சம் வரை உண்டு. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாஸ்புக்கில் தேடுங்கள்.

8. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. 'தலைக்காயம்' என்று தனி வகை கிடையாது. அதனால் கவுண்டரில் "இது லிஸ்ட்ல இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். காயத்தின் விளைவு எதுவோ அந்த வகையில் விண்ணப்பிக்க வேண்டும்: கை கால் செயலிழப்பு என்றால் இயக்கக் குறைபாடு, பேச்சு போயிருந்தால் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, பார்வை, செவித்திறன் அப்படியே. நினைவும் நடத்தையும் மட்டும் பாதித்திருந்தால் மனநல மருத்துவரின் மதிப்பீடு. மனநோய் என்ற வகைக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் நினைவாற்றல் பாதிப்பும் அடங்கும். அந்தப் பெயரைப் பார்த்து வீட்டில் பெரியவர்கள் தயங்குவார்கள். தயங்க வேண்டாம், உரிமை கிடைக்கும் கதவு அதுதான். ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள்.

நரம்பு சார்ந்த பாதிப்பைப் பொதுவாக 6 மாதம் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள். ஸ்வாவ்லம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் அல்லது இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் ஊனத்தை மதிப்பிடும் டாக்டர்கள் குழு கூடும் போர்டு நாளில் நேரில் போக வேண்டும். ஆதார், போட்டோ, கையெழுத்து அல்லது கைரேகை, மருத்துவ ஆவணங்கள் போதும். அட்டைக்குக் கட்டணம் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். போர்டு நாளில் அவரை நன்றாகப் பேச வைக்க முயலாதீர்கள், வழக்கமான நாளில் எப்படி இருப்பாரோ அப்படியே போகட்டும். ஐந்து நிமிடம் நன்றாகப் பேசிவிடுவார், சமைக்கும்போது பாலை அடுப்பில் மறந்துவிடுவார் என்பதெல்லாம் நோட்டில்தான் இருக்கும். காட்டுங்கள்.

40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலான சலுகைகள் திறக்கும். 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் அவருக்கும் உடன் செல்பவருக்கும் டிக்கெட் இல்லை. பழைய வரி முறையில் இருப்பவர்கள் வருமான வரியில் 75,000 ரூபாயும், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

9. கையெழுத்தும் பணமும்

சுயநினைவு சரியில்லாதவரிடம் கைரேகை வாங்கி எழுதிய பவர் பத்திரம் செல்லாது. முன்பே எழுதியிருந்தாலும், அவர் சித்த சுவாதீனம் இழந்த நிலையில் அந்த அதிகாரம் முடிந்துவிடும். இதைச் சொல்லாமல் பத்திர அலுவலக வாசலில் பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கோமாவில் இருப்பவர் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க வேண்டும் என்றால் உயர் நீதிமன்றம்தான் வழி. 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு மனைவியை அப்படிக் காப்பாளராக நியமித்திருக்கிறது.

புரிந்துகொள்கிறார், கைதான் வரவில்லை என்றால் சிக்கல் குறைவு. ரிசர்வ் வங்கி வழிகாட்டலின்படி இரண்டு சாட்சிகள் முன் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம், சாட்சிகளில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். மேனேஜரிடம் கடிதம் கொடுத்தால் வீட்டுக்கு வருவார்கள். தெளிவாக இருக்கும் காலத்தில் கணக்கை இருவர் பெயரில் மாற்றிவிடுங்கள். யுபிஐ வரம்பைக் குறைத்து வையுங்கள். யோசிக்காமல் வாங்குவதும், யார் கேட்டாலும் ஓடிபி சொல்வதும் இந்தக் காயத்தில் அடிக்கடி நடக்கும்.

10. வண்டி, வேலை, படிப்பு

"ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று சாவி கேட்பார். வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தின் முதல் படிவமே கேட்கிறது. டாக்டர் எழுதித் தரும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும்.

அரசு ஊழியர் என்றால், பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டதற்காக வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். ராஜினாமா கடிதம் கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். தனியார் வேலை என்றால் அரைநாள், எளிய வேலை, அமைதியான இடம் என்று கேட்டு, வாரம் இரண்டு நாளில் தொடங்கிப் பாருங்கள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். தேர்வுக்குப் பல மாதம் முன்பே பள்ளி வழியாக மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும்.

11. பார்த்துக்கொள்கிற உங்களுக்கு

பெரும்பாலும் இது ஒரு அம்மா, மனைவி அல்லது அக்கா தலையில் மொத்தமாக விழும். முதல் மாதத்திலேயே குடும்பத்தைக் கூட்டி, இரவு யார், ஆஸ்பத்திரிக்கு யார், கோர்ட்டுக்கு யார், பணம் யார் என்று பெயர் போட்டுப் பிரித்துவிடுங்கள். வாரத்தில் ஒரு அரைநாளாவது முழுதாக வெளியே போங்கள், அதற்கு மாற்று ஆள் யார் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். தூக்கம் போய், அழுகை நிற்காமல் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம். இலவசம், தமிழில் பேசுவார்கள். ஓபிக்குப் போகும்போது அவருடைய சீட்டோடு உங்கள் பெயருக்கும் ஒரு சீட்டு போட்டு, உங்கள் பிரஷரையும் சுகரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.